ஆனி மாதத்தில் எண்ணிய பறவைகள்

பறவைகளை எண்ணிச் சம்பளம் வாங்கியவள் நான். இப்படிச் சொன்னால் எங்கள் எம்.கே.பி. நகர் குடியிருப்பில் இன்றைக்கும் சிரிப்பார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். தொலைநோக்கியை எப்படிப் பிடிப்பது, சேற்றில் எப்படிக் கால் வைப்பது என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன். அதையெல்லாம் கற்றுத்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல என்னைத் தவிர ஆள் இல்லை. என்னோடு அதைச் சுமந்த இன்னொருவர் இறந்துவிட்டார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய மனைவி விரும்பவில்லை. அலுவலகத்தில் நாங்கள் அவரை 'சார்' என்போம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

சார் இராயபுரத்துக்காரர். தெற்கிலிருந்து வந்து மளிகை மொத்தக் கடை வைத்த கிறிஸ்தவக் குடும்பம். அண்ணன்கள் இருவரும் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இவர் மட்டும் விலங்கியல் படித்து, காட்டுயிர் ஆய்வாளர் என்று ஒரு வேலையைத் தேடிக்கொண்டார். "மூட்டைய எண்ணுலேன்னா மாட்டேங்கான், சேத்துல போயி கொக்க எண்ணுதான்" என்று அவர் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். அதைச் சார் தன் அப்பாவின் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எந்தப் பறவை வந்து நின்றாலும் களத்துக்கு வரமாட்டார். அன்று கோயில், பிறகு வீடு. சனிக்கிழமைகளில் மனைவியையும் மகளையும் எண்ணூருக்கே அழைத்து வந்துவிடுவார். மகளுக்கு அப்போது ஏழு வயது. இளைப்பு உண்டு. காற்றில் ஆலைச் சாம்பல் பறந்தால் அம்மாவின் முந்தானைக்குள் மூக்கை வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் கண்ணால் பறவை பார்க்கும்.

நான் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் கடைசியில். அதுவரை ஒரு தனியார் பள்ளியில் விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வயது முப்பத்து நான்கு. சாருக்கு என்னைவிட நான்கு வயது அதிகம், அவ்வளவுதான். வருடா வருடம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. எங்கள் தெருவில் அரசாங்க வாகனத்தில் ஏறி வேலைக்குப் போன முதல் பெண் நான். ஜீப் வந்து நின்றால் அப்பா மாடியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, தான் பார்க்காத மாதிரி உள்ளே போய்விடுவார். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர் அவர்.

முதல் பனிக்காலத்தில் காத்திவாக்கத்துக்கு மேற்கே, கழிமுகத்தின் சேற்றுவெளியில் எண்ணிக்கொண்டிருந்தோம். ஒரு பெரிய உள்ளான் கூட்டம் எழுந்து சுற்றி மறுபடி இறங்கியது. நான் ஒரு எண்ணைச் சொன்னேன். சார் அதில் பாதி சொன்னார். மறுபடி எண்ணச் சொன்னார். மறுபடி எண்ணினேன். அவர் சொன்னதற்குப் பக்கத்தில் வந்தது. எண்ணத் தொடங்கும் முன் அவர் கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் நிற்பதை ஒவ்வொரு நாளும் பார்த்திருந்தேன். அன்று கேட்டேன்.

"எதுக்கு சார் ஜெபம்? நெறைய பறவ வரணும்னா?"

"இல்ல கௌதமி. கூட எண்ணிடக் கூடாதுன்னு. பிரியம் இருந்தா கூட எண்ணத் தோணும்."

சார் பயந்தது கூடுதலாக எண்ணுவதற்கு. நான் செய்தது வேறு.

அடுத்த வருடம் ஆனி மாதம் அவருடைய அப்பா சொந்த ஊரில் இறந்துபோனார். தந்தி வந்த அன்றே சார் குடும்பத்தோடு தெற்கே கிளம்பிவிட்டார். எங்கள் யாரிடமும் செல்போன் இல்லாத காலம். கிளம்பும் அவசரத்தில் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் அப்போது எதுவும் இருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார். கழிமுகத்தை ஒட்டியிருந்த ஓர் ஆலை தன் சாம்பல் குட்டையைப் பெரிதாக்க அனுமதி கேட்டிருந்தது. குட்டை என்றால் சின்னதாக நினைக்க வேண்டாம். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் கொண்டுவந்து கொட்டுகிற, கரை போட்ட பெரிய ஏரி. அவர்கள் கேட்ட இடம் எங்கள் சேற்றுவெளி. அங்கே பறவைகள் உண்டா என்று கணக்கெடுத்து ஒரு வாரத்தில் அறிக்கை தர வேண்டும்.

"சார் வந்துடட்டும் சார்" என்றேன்.

"அவர் வரப் பத்து நாள் ஆகும். ஏன், உங்களால முடியாதா? முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளப் பாக்கறேன்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முடியும் என்று சொன்னேன்.

ஐந்து நாள் காலையில் போனேன். ஆனி வெயிலில் சேறு பாளமாக வெடித்துக் கிடந்தது. கொக்குகள் நின்றன. இரண்டு நீர்க்காகங்கள் குழாயின் மேல் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வடக்கே பனி விழும் நாடுகளிலிருந்து வருகிற உள்ளானும் உப்புக்கொத்தியும் கூட்டமாக வந்திறங்குவது ஐப்பசிக்கு மேல்தான். பங்குனியில் கிளம்பத் தொடங்கி, சித்திரைக்குள் ஏறக்குறைய எல்லாம் போய்விடும். இது பறவை பார்க்கிற யாருக்கும் தெரியும்.

கன்னியம்மாவுக்கும் தெரியும். கன்னியம்மா அந்தக் கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் பிடித்து, பல்லில் கடித்திருக்கும் ஓலைப் பறிக்குள் போடுவாள். எங்களுக்கு எந்த இடத்தில் கால் புதையும், எங்கே புதையாது என்று வழி காட்டியவள் அவள்தான். மூன்றாம் நாள் காலை பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னாமா, இப்ப வந்து எண்ணிகினு கீற? இப்ப இன்னா கீது இங்க? பனி மாசத்துல வா."

"மேல கேக்கறாங்கக்கா."

"கேட்டா? இப்ப இல்ல, அப்பால வாங்கன்னு சொல்ல வேண்டிதானே?"

நான் நோட்டில் கொக்குகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

அறிக்கையை நான் நேர்மையாகத்தான் எழுதினேன். எண்ணியதை எண்ணியபடி எழுதினேன். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். 'இது வலசைப் பறவைகள் வரும் காலம் அல்ல. மார்கழி, தை மாதங்களில் மறுபடி கணக்கெடுக்காமல் இந்த இடத்தைப் பற்றி முடிவுக்கு வர இயலாது.' இதை எழுதிவிட்டேன் என்ற நிம்மதியோடு மேலதிகாரியிடம் கொண்டுபோனேன்.

அவர் நிதானமாகப் படித்தார். கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார்.

"மார்கழியில எண்ணினீங்களா?"

"போன மார்கழியில நானும் சாரும் எண்ணினோம் சார். ஆனா அது வேற வேலைக்காக."

"இந்த வேலைக்கு?"

"இல்ல சார்."

"அப்ப எண்ணினத மட்டும் எழுதுங்க. எண்ணாதத ஏன் எழுதறீங்க? நீங்க சயின்ஸ் படிச்சவங்கதானே?"

உங்களுக்கும் இப்படி ஒருவர் வருவார். மிரட்டினால் நமக்குக் கோபமாவது வரும். இவர் எனக்குப் பிடித்த ஒன்றை, நான் பெருமைப்பட்ட ஒன்றை எடுத்து என்னிடமே நீட்டினார். எண்ணியதை மட்டும் எழுது. சாரும் அதைத்தானே சொல்வார் என்று எனக்கே தோன்றிவிட்டது. தோன்ற வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதுதான் சரி. கணினி முன் உட்கார்ந்து அந்த வரியைத் தேர்ந்தெடுத்து ஒரு விசையைத் தட்டினேன். மேலே இருந்த வரி கடைசி வரியானது. 'கணிசமான எண்ணிக்கையில் பறவைகள் காணப்படவில்லை.' அதன் கீழ் என் கையெழுத்தைப் போட்டேன்.

எங்கள் வீட்டில் அப்பா காலையில் புத்தர் படத்துக்கு முன் பூ வைத்து ஐந்து சீலங்களைச் சொல்வார். நானும் சின்ன வயதிலிருந்து கூடவே சொல்வேன். நான்காவது சீலம் பொய் பேசாதிருப்பது. மறுநாள் காலை அப்பா முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாமா, ஒண்ண வுட்டுட்ட?"

"இல்லியேப்பா."

"நாலாவதுல உன் கொரலே வரல."

தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்னேன். உண்மையில் நான் அன்று முழுக்க எனக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். அறிக்கையில் எந்த எண் பொய்? ஒன்றும் இல்லை. எதைக் கூட்டினேன்? எதையும் இல்லை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அப்புறம் ஏன் குரல் வரவில்லை என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

சார் பதினோராம் நாள் வந்தார். முகம் கறுத்து இளைத்திருந்தார். துக்கம் விசாரித்தேன். அவர் கண் என் மேசையில் இருந்த அறிக்கையின் நகலுக்குப் போனது. நின்றபடியே படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார்.

"கௌதமி, இதுல மாசம் எங்க?"

"முகப்புல தேதி இருக்கு சார்."

"உள்ள?"

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த வரிய எழுதினீங்கதானே?"

"எழுதினேன் சார்."

"எடுக்கச் சொன்னது அவரு."

"எடுத்தது நான்தான் சார்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன். அவர் திட்டவில்லை. அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்து, ஆலைக்கு அனுமதி தருவதைப் பரிசீலிக்கும் ஆய்வுக் குழுவின் கூட்டம். நீளமான மேசையைச் சுற்றிப் பெரியவர்கள். சுவரோரம் போட்ட நாற்காலியில் நான். அறிக்கையை ஏற்றுக்கொள்ளலாமா என்று தலைவர் கேட்டபோது சார் எழுந்தார்.

"இந்தக் கணக்கு செல்லாதுங்க. தப்பான மாசத்துல எடுத்தது. தப்பு என்னோடது. ஜூன்ல எடுத்துடலாம்னு திட்டம் போட்டது நான். காலத்தப் பத்திக் குறிப்பு எதுவும் வேணாம்னு சொன்னதும் நான்தான். ஊருக்குப் போற அவசரத்துல யோசிக்காம சொல்லிட்டேன். தயவுசெஞ்சு இத ரத்து பண்ணிட்டு டிசம்பர்ல மறுபடி எடுக்கச் சொல்லுங்க."

மேலதிகாரி தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாரைப் பார்த்தேன். பொய் சொல்லி நான் பார்த்தே இராத மனிதர், அத்தனை பேர் முன்னால் நிறுத்தி நிதானமாகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்ப கையெழுத்துப் போட்ட இந்தம்மா?" என்றார் தலைவர்.

"அவங்க நான் சொன்னதச் செஞ்சாங்க."

தலைவர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

ஒரு கேள்விதான். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேன்.

நான் செய்த தப்பு என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான். அந்த வரியை நீக்கியதைக்கூட அனுபவம் போதாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது.

குழு சாரின் பேச்சை அவர் நினைத்தபடி எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணிக்கை தவறு என்று யாரும் சொல்லாததால் அறிக்கையை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். கடமையில் அசட்டை என்று சொல்லிச் சாரை வேலையிலிருந்தே நீக்கினார்கள். என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள்.

கடைசி நாள் தன் பொருள்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அவர் பேருந்து நிறுத்தத்தில் நின்றார். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எனக்காக ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"உங்களுக்காக மட்டும் இல்ல கௌதமி. தப்பு உங்க பேர்ல இருந்தா உங்கள அனுப்பிட்டுக் கணக்க வச்சுக்குவாங்க. தலைமையில இருக்கறவன் தப்புன்னா கணக்கையே தூக்கிப் போடுவாங்கன்னு நெனச்சேன். தப்பா நெனச்சுட்டேன்."

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன் சார்."

அவர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பேருந்து வந்தது. "பொய் சொன்னதுக்கு நான் ஞாயித்துக்கெழம பதில் சொல்லிக்கறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

மார்கழியில் நான் தனியாகப் போய் எண்ணினேன். சேறு தெரியாதபடி பறவைகள் நின்றன. அந்த எண்ணிக்கையோடு ஒரு கடிதம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன். என் பழைய அறிக்கையைத் திரும்பப் பெற விரும்புகிறேன் என்று எழுதியிருந்தேன்.

"பழைய எண்ணிக்கை தப்பா?" என்று கேட்டார்.

"இல்ல சார். சரிதான்."

"தப்பில்லாத ஒண்ண எப்படி மேடம் திருத்தறது?"

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நானும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கடிதத்தில் சாரைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் எழுதியிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோடையில் கரை போட்டார்கள். குழாய்கள் வந்தன. சாம்பல் தண்ணீர் பால் போல வந்து விழுந்தது. அடுத்த ஐப்பசியில் முதல் உள்ளான் கூட்டம் வந்து, சாம்பலுக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத் தெற்கே போனதைப் பார்த்தேன். எங்கே போனது என்று தெரியவில்லை. கன்னியம்மாவும் மற்றப் பெண்களும் கழிமுகத்தின் அந்தப் பக்கத்துக்கு மாறினார்கள். இறால் குறைவு, நடை அதிகம். ஒருநாள் கரை மேல் என்னைப் பார்த்து நின்றாள். கையில் சாம்பல் பட்டுத் தோல் வெடித்திருந்தது.

"நீதானேமா எண்ணிகினு போன? ஒயுங்கா எண்ணலியா?"

"ஒழுங்காத்தான்கா எண்ணுனேன்."

"அப்பறம் ஏன் இப்டி ஆச்சு?"

அவள் என்னைக் குற்றம் சொல்வதற்காகக் கேட்கவில்லை. படித்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக் கேட்டாள்.

சார் இராயபுரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தார். பனிக்காலச் சனிக்கிழமைகளில் தனியாக எண்ணூருக்கு வந்து, மிச்சமிருந்த சேற்றுத் திட்டுகளில் எண்ணுவார். யாரும் கேட்காத கணக்கு. இரண்டு வருடம் கழித்து நானும் ஒரு சனிக்கிழமை போய் அவர் பக்கத்தில் நின்றேன். "வாங்க" என்றார். அதன் பிறகு பல சனிக்கிழமைகள். பறவைகளைப் பற்றிப் பேசினோம், அவர் மகளின் படிப்பைப் பற்றிப் பேசினோம், என் அப்பாவின் முட்டி வலியைப் பற்றிப் பேசினோம். அந்தக் கூட்டத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒவ்வொரு தடவையும் இன்று சொல்லிவிட வேண்டும் என்று போவேன். குழுத் தலைவரைப் பார்த்து எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் சார் என்று சொல்ல வேண்டும். பிறகு அப்பாவுக்கு அறுவைச் சிகிச்சை வந்தது. பிறகு என் வேலை நிரந்தரமாகப் போகிறது என்று பேச்சு வந்தது. அது ஆகிவிடட்டும் என்று இருந்தேன். ஆனது. அதற்குப் பிறகும் சொல்லவில்லை.

சாருக்குச் சிறுநீரகம் பழுதானது தெரிந்தபோது பாதிக்கு மேல் போயிருந்தது. அரசு மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். கை நரம்பெல்லாம் புடைத்துக் கிடந்தது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மெல்லிய குரலில் பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடி, இடம் கொடுத்து வெளியே போனார். நாங்கள் இருவர் மட்டும் அரைமணி நேரம் இருந்தோம். அந்த அரைமணி நேரமும் நான் வாயைத் திறக்கவில்லை. படுத்திருக்கிறவரிடம் இதைப் போய்ப் பேசுவதா என்று அவர் மேல் இரக்கம் போல ஒன்றை எனக்கு நானே காட்டிக்கொண்டேன். கிளம்பும்போது, "கௌதமி, நீங்க எதையோ சுமந்துக்கிட்டு வந்தாப்ல இருக்கு" என்றார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"சரி" என்றார்.

பன்னிரண்டு நாளில் போய்விட்டார்.

காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். கன்னியம்மா எண்ணூரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்தாள். பாடல் முடிந்து, மண் தள்ளி, கூட்டம் கலைகிற நேரம். சாரின் அண்ணன் ஒருவர் உறவினரிடம் பேசியது காதில் விழுந்தது. "நல்லவன்தான். வேலையிலதான் என்னமோ அசட்டையா இருந்து தூக்கிட்டாங்க. அதுலருந்தே அவன் மனசு ஒடஞ்சு போச்சு." சாரின் மகள் அங்கேயே நின்றிருந்தாள். பதினைந்து வயது இருக்கும். அந்தப் பேச்சைக் கேட்டு அவள் தலை குனிந்ததைப் பார்த்தேன். அப்பா இறந்ததற்கான குனிவு இல்லை அது. அவமானத்துக்குக் குனிகிற குனிவு எனக்குத் தெரியும்.

ஒரு வருடம் போனது. அதே ஆலை குட்டையை இன்னும் பெரிதாக்கக் கேட்டது. இந்த முறை எண்ணூரில் ஒரு திருமண மண்டபத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மேடையில் அதிகாரிகள் வரிசை. அதில் என் துறையின் சார்பாக நான். எதிரே மீனவர்கள், இறால் பிடிக்கிற பெண்கள், ஆலையின் ஆட்கள், போலீஸ். ஆலைக்காகப் பேசவந்தவர் ஒலிபெருக்கியில் படித்தார்: "இந்தப் பகுதியில் கணிசமான எண்ணிக்கையில் பறவைகள் காணப்படவில்லை என்று அரசுத் துறையின் ஆய்வே முன்பு கூறியிருக்கிறது."

என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. மண்டபத்துச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

நான் எழுந்தேன். தைரியத்தால் எழுந்தேன் என்று நினைக்க வேண்டாம். உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன்.

"அந்த அறிக்கைய எழுதினது நான். ஜூன் மாசத்துல எண்ணினேன். அப்போ இங்க வலசைப் பறவை இருக்காது, அது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டேன். குளிர்காலத்துல மறுபடி எண்ணணும்னு ஒரு வரி எழுதிட்டு, நானே அத எடுத்தேன். இதுக்காக வேற ஒருத்தர் மேல பழி விழுந்துது. அவர் அப்போ ஊர்லயே இல்ல. அவருக்கு இதுல எந்தச் சம்பந்தமும் கிடையாது. அன்னிக்கு என்னைக் கேட்டப்போ நான் உண்மையச் சொல்லல. நான் இப்ப சொல்ற ஒவ்வொரு வார்த்தையையும் பதிவுல எழுதிக்கணும்னு கேட்டுக்கறேன்."

மண்டபத்தில் சத்தம் கிளம்பியது. பக்கத்தில் இருந்த அதிகாரி என் புடவை முனையைப் பிடித்து உட்காருங்கள் என்றார். மறுபடி அந்த வரிசையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. மேடையிலிருந்து இறங்கினேன். எங்கே போவது என்று தெரியாமல் நின்றபோது, முன்வரிசையில் கன்னியம்மா நகர்ந்து இடம் விட்டாள். "இங்க குந்து" என்றாள். குந்தினேன்.

எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. விசாரணை நடந்தது. பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போனது. விரிவாக்கத்தை ஒரு பனிக்காலம் நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பனிக்காலம் முறையாக எண்ணினோம். அதற்கு அடுத்த வருடம் அது வேறொரு கோப்பாக, வேறொரு அளவில் வந்து ஒப்புதல் வாங்கிக்கொண்டு போனது. ஒன்றைக் காப்பாற்றிவிட்டேன் என்று உங்களிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். எண்ணியது சரியா என்பதோடு உங்கள் வேலை முடிவதில்லை. அந்த எண் யார் கையில் எதற்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். யாராவது உங்கள் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டால், நன்றியோடு சும்மா இருந்துவிடாதீர்கள். அன்றே, அந்த அறையிலேயே எழுந்து நில்லுங்கள். வேலை நிரந்தரமாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

கூட்டத்தின் பதிவு அச்சாகி வந்ததும் ஒரு நகலை எடுத்துக்கொண்டு இராயபுரம் போனேன். சாரின் மனைவி கதவைத் திறந்தார். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். நான் பேசியது மூன்று வரியாகச் சுருங்கியிருந்தது. ஆனாலும் சாருக்குச் சம்பந்தம் இல்லை என்பது தெளிவாக இருந்தது. அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். மகளைக் கூப்பிட்டு அவளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"இது எனக்கு அப்பவே தெரியும்" என்றார் அம்மா. "கூட்டம் முடிஞ்சு வந்த அன்னைக்கே சொல்லிட்டாவ. நீங்க ஒரு நாள் சொல்லுவீங்கன்னும் சொன்னாவ. ஒவ்வொரு சனிக்கெழமையும் வந்த ஒடனே, கௌதமி எதுவும் சொன்னாளான்னு நான் கேப்பேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவுக இருக்கயில கொண்டாந்திருக்கலாம்லா?"

"ஆமா" என்றேன்.

அவர் சமையலறைக்குப் போய் ஒரு தட்டைக் கழுவிக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். "உக்காருங்க. சாப்பிட்டுப் போங்க." அன்று அந்த வீட்டில் மீன் குழம்பு. எனக்குப் பசி இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அவர் பரிமாறியது அத்தனையும் சாப்பிட்டேன்.